அனஸ்ரேசியா அக்காவின் முழுக் கை

நோர்வேயில், புருசெத்தில் எங்கட வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறவ அனஸ்ரேசியா அக்கா. பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. ஞாயிறு பூசைக்குப் பாடற்குழுவில் முதல் வரிசையில் நிற்பா. ஆண்டவர் அவவுக்கு நல்ல குரலும், அதைவிட நல்ல சிரிப்பும் குடுத்திருக்கிறார்.

இரண்டு வருசத்துக்கு முந்தி, சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட அன்றே அவவுக்கு வலது தோள்மூட்டு நோகத் தொடங்கியது. ஊசி அளவுக்குக் கூடின உயரத்தில், மூட்டுக்குள்ளே இறங்கிவிட்டதாம். சீப்பால் தலை இழுக்கவும் ஏலாமல் போச்சு. இப்படி நடந்தால் இஞ்சை இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கு. மகள் எமிலியா விண்ணப்பம் போட்டா. மறுத்துக் கடிதம் வந்தது. ஊசி போட்டது தோளுக்குக் கிட்ட, வைத்தியர் எழுதிவைத்த நோவோ உள்ளங்கைப் பக்கம், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று.

"அம்மா, டொக்டரிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"கை நோகுது எண்டு சொன்னனான். நோர்வே மொழியிலை, ஹோன்."

"ஹோன் எண்டால் மணிக்கட்டுக்குக் கீழை மட்டும் அம்மா."

"அப்ப மிச்சக் கை ஆருடையது?"

பக்கத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அக்கா சிரிக்கேல்லை. "காசு வராட்டிலும் பரவாயில்லை. பொய் சொன்னவள் எண்டு என்ரை பேர் அங்கை கிடக்கக்கூடாது."

எமிலியா மேன்முறையீடு எழுதினா: தமிழில் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே சொல், கை. அக்காவுக்கு அது போதேல்லை. நத்தார்ப் பரிசு சுற்றுகிற தாளை மறுபக்கமாக மேசையில் விரித்து, கையை நீட்டி வைத்து, "சுற்றிக் கோடு கீறும்" என்றா எனக்கு. அக்கா கூச்சத்தில் நெளிய நெளியக் கீறினேன். நோகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பெரிசாய் 'கை'.

"அம்மா, இதைப் பாத்துச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். சிரிச்சால் பாத்திட்டினம் எண்டுதானே அர்த்தம்."

எட்டாய் மடித்து அனுப்பினோம். நான் செபமாலை சொன்னேன்.

பங்குனியில் பதில் வந்தது. கை என்று அவ சொன்னது தோளையும் சேர்த்துத்தான், காயம் ஊசியால் வந்ததுதான், இழப்பீடு உண்டு. எமிலியா வாசித்து முடித்தா. அக்கா, "இன்னொருக்கா வாசி" என்றா. மூன்று தரம் வாசிப்பித்தா.

இந்த ஐப்பசியில் நானும் அவவும் ஊசிக்குப் போனோம். அக்கா இடது பக்கத்தைக் காட்டி, இது தோள், இது மேற்கை, இது முழங்கை, இது மணிக்கட்டு என்று நோர்வே மொழியில் ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சொல்லி, குத்தவேண்டிய இடத்தில் விரலை வைத்தா.

தாதி சிரித்துக்கொண்டு, "நீங்களும் தாதியோ?" என்று கேட்டா.