சேத்தூர் வரை போன நாவல்

பத்து வருடமாக நாவல் பக்கமே போகாதவள் நான். கண்ணாடி மாற்றி எழுத்து பளிச்சென்று தெரிந்ததும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரே மாதத்தில் மூன்று நாவல். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில். படிப்பெல்லாம் பஸ்ஸில்தான்.

முதலாவது, மலைக்கிராமத்துத் தபால்காரரின் கதை. முக்கால்வாசி நாவலிலும் மழை பெய்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்த, நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இரண்டாவதில் மூன்று அக்கா தங்கைகள் ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டார்கள். அத்தியாயத்துக்கு ஒருத்தி பக்கமாகக் கட்சி மாறினேன்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்த்தது. பேரன் பேத்தி எடுத்த ரிட்டயர்டு டீச்சர், சர்க்கஸ் சமையல்காரரோடு ரயிலேறிவிடுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் அம்மாவின் அங்க அடையாளம் கேட்டால், மகன்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழிக்கிறார்கள். நான் பஸ்ஸென்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். தினமும் பார்க்கிற முகம், பேசியதில்லை.

"என்னக்கா, தனியா சிரிக்கிய?"

கதையைச் சொன்னேன்.

"பொறவு?"

"இனிமேதான் படிக்கணும்."

"அப்பச் சத்தமாப் படிங்க."

படித்தேன். டீச்சர் கோமாளிகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், தப்பாகச் சொன்னவர்களை முட்டி போடவைத்தார். முன் சீட்டு அம்மா திரும்பியவர் திரும்பியபடியே இருந்தார். கண்டக்டர் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் ராஜபாளையந்தான கேட்டிய? சேத்தூரு வந்துட்டு."

இறங்கி, ரோட்டோரம் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். மேனேஜருக்குப் போன் செய்தேன். பொய் சொல்ல வரவில்லை.

"நாவல் படிச்சதுல ஸ்டாப்ப விட்டுட்டேன் சார்."

"என்ன நாவல்?" என்றார்.

முடித்ததும் புத்தகத்தை நர்ஸிடம் கொடுத்தேன். நாலே நாளில் திருப்பித் தந்தார்.

"அந்தம்மா கடைசில வீட்டுக்குத் திரும்பிருக்க வேண்டாம்க்கா."

"பிள்ளைகள விட்டுட்டு எப்படி இருக்க முடியும்?"

"அங்க அடையாளங்கூடத் தெரியாத பிள்ளைகளா?"

அன்று முழுக்க மில்லில் அதையே யோசித்தேன். டீச்சர் திரும்பியதில் எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இப்போது நாலாவது நாவல், நர்ஸ் கொடுத்தது. கொலைக்கதை. நான் அதில் வரும் கம்பவுண்டரைச் சந்தேகப்படுகிறேன். நர்ஸுக்கு முடிவு தெரியும். வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார், ஆனால் தோள் குலுங்குகிறது.