குரோம்பேட்டையில் போட்ட டிக்

எனக்குப் பொறுமை கிடையாது. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, பருப்பு வேகவில்லை என்று குக்கரைத் திட்டுகிறவள் நான். "உனக்குக் கால்ல சக்கரம்" என்பார் என் கணவர். அவர் இரண்டு தோசையை அரைமணி நேரம் சாப்பிடுகிறவர் என்பதால் அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்திருப்பது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. இரும்புலியூரில் வீடு, கிண்டியில் ஆபீஸ். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதினவன் "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்பான். "என் மெஷினில் ஓடவில்லையே" என்று நான் சொல்ல வேண்டும். இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் எனக்கு உண்டு. ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதாவது புரோகிராம் எழுதுகிற மொழி. உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கையேட்டை ஊர் ஊராக உள்ள தன்னார்வலர்கள் தங்கள் தங்கள் மொழியில் எழுதுகிறார்கள். தமிழ்க் குழுவில் நாங்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பக்கம் இங்கிலீஷைப் புரிந்துகொள்ள ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இனிமேல் யாரும் அப்படி அழ வேண்டாம் என்றுதான் இதில் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் வேறொரு ஆசையும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த மொழியில் எவ்வளவு பக்கம் முடிந்திருக்கிறது என்று காட்டும் பலகை ஒன்று எங்கள் இணையதளத்தில் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோடு. வேலை முடிய முடியக் கோடு பச்சையாகும். அந்தப் பச்சையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போய்ப் பார்ப்பேன்.

மொழியின் புதிய பதிப்பு வெளியாகும்போது கையேட்டையும் மாற்ற வேண்டும். அதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் இங்கிலீஷ் கையேட்டின் வரைவு வரும். அதை வைத்துத் தமிழில் எழுதிவிடுவோம். பதிப்பு வெளியான பிறகு, இறுதியாக வந்த இங்கிலீஷ் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதினதை மறுபடி வரி வரியாகப் படிக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவர்கள் எதையாவது மாற்றியிருப்பார்கள். படித்து முடித்தால் "இறுதிப் பதிப்போடு ஒப்பிட்டாயிற்று" என்ற கட்டத்தில் டிக் போடலாம். உண்மையிலேயே ஒப்பிட்டாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரவர் மனசாட்சிதான்.

புதிய பதிப்பு வெளியான மறுநாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். சானடோரியம் தாண்டும்போது குழுவை ஒருங்கிணைக்கிற கோயம்புத்தூர்த் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, நமக்கு இன்னும் ஒரே பக்கம்தான். இன்னொரு மொழிக்காரங்களுக்கும் ஒரு பக்கம்தான் பாக்கி." அந்த ஒரே பக்கம் என்னுடையது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்கிற பக்கம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். இறுதிப் பக்கத்தைத் திறந்து கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனேன். அதேதான், அதேதான், இதுவும் அதேதான். குரோம்பேட்டையில் கூட்டம் முட்டிமோதி ஏறியது. ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பை என் முழங்கையில் இடித்தது. பாதிப் பக்கம் பாக்கி இருந்தது. வரைவை வைத்துத் தமிழில் எழுதினது நான்தானே, எனக்குத் தெரியாதா என்று டிக் போட்டேன். பல்லாவரம் வருவதற்குள் தமிழின் கோடு முழுப் பச்சை. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து அந்தச் சாப்பாட்டுப் பைக்காரி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

சில வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் ஆபீசில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். எங்கள் தமிழ்க் கையேட்டைப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாராம். அவர் பொறுப்பில் இருந்த பசை டின்களில் எது முதலில் காலாவதியாகும், எதை முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதி, ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாராம். புதிய பதிப்புக்கு மாறினதிலிருந்து தேதிகள் குழம்புகின்றன என்று எழுதியிருந்தார். "பழைய புரோகிராம்களில் எதையும் மாற்றத் தேவையில்லை என்று நீங்கள் போட்டிருந்தீர்கள். நான் எங்கே தவறு செய்தேன் என்று தயவுசெய்து சொல்லவும்."

இறுதிப் பக்கத்தைத் திறந்து, அன்று படிக்காமல் விட்ட பாதியைப் படித்தேன். வரைவில் இருந்த அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். புதிய பதிப்பு தேதியில் மாதத்தைத்தான் முதலில் படிக்கும், நாள் முதலில் வரும் என்றால் அதைச் சொல்ல ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவர் புரோகிராமில் அந்த வரி இல்லை. 8/5 என்று போட்டிருந்த, மே எட்டாம் தேதியோடு காலாவதியான டின்னை அது ஆகஸ்டு ஐந்து வரை நல்லது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நாள் பன்னிரண்டுக்கு மேல் போனால் மட்டும் பழையபடி சரியாகப் படித்திருக்கிறது. அதனால் திரையில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

பத்து நிமிஷத்தில் பக்கத்தைத் திருத்தினேன். தவறு என்னுடையது என்று அவருக்கு எழுதினேன். கெட்டுப்போன பசையால் ஒட்டின ரப்பர் பட்டைகள் கழன்று வந்துவிட்டதாகவும், ஒரு ஷிப்டு சரக்கை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்றும் பதில் வந்தது. அவரை லாரியில் பெட்டி ஏற்றி இறக்குகிற லோடிங்குக்கு அனுப்புவதா, ஸ்டோர்ஸிலேயே வைத்துக்கொள்வதா என்று திங்கட்கிழமை முடிவு செய்வார்களாம். முட்டி தேய்ந்து போனதால்தான் அவரை லோடிங்கிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்களாம்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் நான் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "அதான் திருத்திட்டியே, மன்னிப்பும் கேட்டாச்சு. இன்னும் என்ன?" என்றார் கணவர். அந்த முட்டி என் கண்ணிலேயே நின்றது, பார்த்ததே இல்லை என்றாலும். நாளைக்கு அங்கே வருகிறேன் என்று ஸ்டோர்ஸ்காரருக்கு எழுதிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை செங்கல்பட்டு ரயிலில் ஏறினேன். கத்திரி வெயில். வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வேண்டுமென்றே நிற்பதுபோல் எரிச்சலாக வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் அவர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கம்பெனியின் நீலச் சட்டை, பையில் படிக்கிற கண்ணாடி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் எங்கள் கையேட்டுப் பக்கங்கள், பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி. என் எழுத்தை யாரும் அப்படி வைத்திருந்து நான் பார்த்ததில்லை. அங்கேயே கண் கலங்கிவிட்டது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார்.

"இங்கிலீஷ்ல இருந்தா பயந்துகினே ரெண்டு வாட்டி, மூணு வாட்டி படிப்பேன் மேடம்" என்றார். "இது தமிழ்ல கீது, ஒரு வாட்டி படிச்சேன், நம்பிட்டேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "வாங்க, உங்க மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"வேணாம் மேடம்."

"உங்க மேல பழி வரக் கூடாது."

"நான் சமாளிச்சுக்கறேன் மேடம். இந்த ஒரு வரி இன்னான்னு நீங்க சொல்லிட்டீங்க இல்ல, அது போதும். திங்கக்கிழம நானே போட்டுக் காட்டிடுவேன்."

நான் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அவரும் ஏறினார். வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

மேனேஜர் நாற்பது வயதுக்குள். மரியாதையானவர். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வரைவு, இறுதிப் பதிப்பு, ஒப்பிடாமல் மறுநாளே நான் போட்ட டிக், எதையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஸ்டோர்ஸ்காரர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்ததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப இது அவரோட ஓன் புரோகிராம் இல்லையா?" என்றார் மேனேஜர்.

"அவர் எழுதினதுதான் சார். நான் கையேடு மட்டும்தான் எழுதினேன். சமையல் புத்தகம் என்னோடது, சமைச்சது அவர்."

"கரெக்ட் மேடம். ஆனா புத்தகத்துல தப்பு இருந்தா சமைக்கத் தெரிஞ்சவருக்கு ருசி பார்த்தே தெரியணும் இல்லையா? இவருக்குத் தெரியலையே." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "அவரே யோசிச்சு எழுதினது, எங்கேயோ சறுக்கிட்டார், அவரே சரி பண்ணிடுவார்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். திங்கட்கிழமை இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்னு எம்.டி.கிட்ட பேசிக்கூட வெச்சேன். இப்ப என்னடான்னா நெட்ல யாரோ வாலன்டியரா எழுதறாங்க, அதைப் பார்த்து இங்க ஓடிட்டு இருந்திருக்கு. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி மேடம் மெட்டீரியல் இஷ்யூ பண்றது?"

நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாப் புரோகிராமரும் கையேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள் என்றேன். என் கம்பெனியிலும் அப்படித்தான் என்றேன். பேசப் பேச அவர் முகத்தில் ஒரு முடிவு உட்கார்ந்துகொண்டிருந்தது. வெளி ஆளை வைத்து சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி சொன்னார். பிறகு சுவரோரம் நின்றவர் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமைலேர்ந்து லோடிங் பார்த்துக்குங்கண்ணா. கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அவர்.

வெளியே வந்தோம். வழக்கம்போல விறுவிறுவென்று நடந்துவிட்டேன். கேட் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தால், அவர் பாதி தூரத்தில் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவரைக் காப்பாற்ற நான் இங்கே வரவில்லை. நேற்றிலிருந்து என் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன். திங்கட்கிழமை வரை பொறுத்திருந்தால் அவரே அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஓட்டிக் காட்டி, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அவர் பக்கத்தில் வந்ததும், "நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பக்கத்த, புதுசு வெளியான மறுநாளே போடணும்னு யாராச்சும் கேட்டாங்களா மேடம்?"

"இல்லை" என்றேன். "யாரும் கேக்கல."

"நானும் கேக்கலியே" என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. "நீங்க ஒரு மாசம் கழிச்சுப் போட்டிருந்தா, நான் ஒரு மாசம் கழிச்சு மாத்தியிருப்பேன். பழசு நல்லாத்தான மேடம் ஓடிகினு இருந்துச்சு?"