காய்ந்த கல்லில் ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சரவணன் வீட்டுக்கு வந்திருந்தான். இலையில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அவன் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம்தான் பெயின்ட் அடித்த வெள்ளைச் சுவர்.

"அதுல வெடிப்பு இருக்கா மச்சான்?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். மயிரிழைகூட இல்லை.

சரவணனுக்கு மேலூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை. அறுத்து வரும் கல் தேறுமா, தேறாதா என்று சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருப்பான். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால், அங்கே வெடிப்பு. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி... கதை முடிந்தது. பத்து வருஷமாக அவன் கண்ணை நம்பித்தான் லாரியில் கல் ஏறுகிறது.

அந்தக் கண்ணில்தான் இப்போது கோளாறு. நாலு மாதமாக எதைப் பார்த்தாலும் கோடு நெளிகிறதாம். கையை வீசினால் பின்னாலேயே நாலு கை வருகிறதாம். என் மாமியார் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். கே.கே. நகரில் இரண்டு கண் டாக்டர்கள் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

பிறகு எதனால்? என் மனைவி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னான். கூட்டாளிகளோடு கொடைக்கானல் போனபோது போதைக் காளான் தின்றானாம்.

"ஒரே ஒரு தடவதான் மச்சான். போதை அன்னைக்கே எறங்கிருச்சு. இது மட்டும் எறங்க மாட்டேங்குது."

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் பொய்க்கோடு என்று முடிவுகட்டி, போன வாரம் ஒரு கல்லைத் தேறும் என்று சொல்லிவிட்டான். அதில் இருந்தது நிஜ வெடிப்பு. கிரேன் தூக்கும்போது இரண்டாகப் பிளந்து, கூட வேலை பார்க்கும் பாண்டி அண்ணன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது.

காளான் தின்றதை டாக்டரிடம் சொன்னாயா என்றேன். இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. ஏனாம்?

"பக்கத்துல அம்மா உக்காந்திருந்துச்சே..."

திட்ட வாயெடுத்தவன் அடங்கிப்போனேன். நம்மூரில் எந்த நோயாளி டாக்டர் ரூமுக்குத் தனியாகப் போயிருக்கிறான்? அம்மா, அக்கா, சித்தப்பா என்று ஒரு வேன் ஆளே உள்ளே போகும். எங்கே வலி என்று சொல்வதும் அவர்கள்தான். நோயாளி நாக்கை நீட்டுவதோடு சரி. பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நானும் போய் உட்கார்ந்து பேசுகிற ஆள்தான்.

மறுநாள் நரம்பு டாக்டரிடம் கிளம்பினோம். மாமியார் கூடைப்பையோடு தயாராக நின்றார். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி வெளி பெஞ்சில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போகத் துடித்தது அவர் மட்டுமல்ல!

அரை மணி நேரம் கழித்து வந்தான். இந்த மாதிரி போதைக்குப் பிறகு சிலருக்கு இப்படித் தங்கிவிடுமாம். பெரும்பாலும் குறையும், ஆனால் நாள் குறித்துத் தர முடியாது என்றாராம். எந்தப் போதையும் இனி கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், கல் பார்க்கும் வேலை இப்போதைக்கு வேண்டாம். கடைசியைச் சொல்லும்போதுதான் அழுதான்.

இப்போது தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது பாண்டி அண்ணன். சரவணனே நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டான். அம்மாவிடம் இன்னும் இல்லை.

உங்கள் வீட்டில் யாரையாவது டாக்டரிடம் கூட்டிப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள்... கதவு வரைக்கும்.