பக்கத்து நாற்காலியில் அண்ணை

அந்த நாற்காலியை அண்ணை தன் கைக்குட்டையால் துடைத்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், ஒரு கடைக்கு மேலே இருந்த சட்டத்தரணியின் அறை அது. துடைத்துவிட்டுத் தம்பியின் மனைவியை அதில் இருத்தி, தானும் பக்கத்தில் அமர்ந்தார். ஹீத்ரோ விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, ஹவுன்ஸ்லோவிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு, கண்மூடாமல் வந்திருந்தார். அப்படிப்பட்ட மனிதரைக் குறைசொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. கோபம் மட்டும் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அகதி வழக்குகளுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போய்க்கொண்டிருந்தேன். அவளை அக்கா என்றும், அவள் அத்தான் என்றழைத்த கணவரின் தமையனை அண்ணை என்றும் கூப்பிட்டேன். கணவரும் சின்ன மகளும் கொழும்பில் காத்திருந்தார்கள். இங்கே அவளை ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் வர முடியும். அறைக்குள் போகுமுன், கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என்னிடம் சொன்னாள். ஊரில் முகாமுக்கு விசாரணை என்று கொண்டுபோன இடத்தில் சிப்பாய்கள் அவளைப் பலாத்காரம் செய்திருந்தார்கள்.

"இதைச் சொன்னா விடுவினமோ, தங்கச்சி?"

"சொன்னா வழக்குப் பலமாகும் அக்கா."

"அப்ப அத்தான் வெளியில நிக்கவேணும். அவருக்குத் தெரிஞ்சா என்ர மனுசனுக்கும் தெரியவரும்."

எங்கள் ஆட்கள் ஒரு பெண்ணைக் கந்தோர், நீதிமன்றம் என்று தனியாக அனுப்பமாட்டார்கள். அதைப் பாதுகாப்பு என்று நாங்களும் நம்பி வளர்ந்தோம். நல்ல வேளையாக, சட்டத்தரணி அம்மாவே கேட்டார், தனியாகப் பேச விருப்பமா என்று. தமிழில் சொன்னேன். அண்ணையின் முகம் வாடிவிட்டது.

"தம்பி என்னை நம்பியெல்லோ உன்னை அனுப்பினவன். என்னை வைச்சுக்கொண்டு சொல்ல ஏலாதது என்ன பிள்ளை இருக்கு?"

கேட்டாரே ஒரு கேள்வி! அவரை வெளியே போகச் சொன்னாலே, அவர் முன்னால் சொல்ல முடியாத ஒன்று நடந்திருக்கிறது என்று சொன்னதாகிவிடும். அக்காவுக்கு அது உடனே விளங்கியது. "அத்தான் இருக்கட்டும்" என்றாள். முகாமில் ஏதும் துன்புறுத்தல் நடந்ததா என்று சட்டத்தரணி கேட்டபோது, "ஒண்டும் நடக்கேல்லை. விசாரிச்சுப்போட்டு விட்டிட்டினம்" என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லாததைச் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு வாயில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீர் போய்ச் சொன்னாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லுவன்" என்று முணுமுணுத்தாள்.

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் எத்தனை படையெடுப்புகளைப் பாடமாக்கியிருப்பேன்! எந்த அரசன் எந்த ஊரைக் கொளுத்தினான், எவ்வளவு பொன்னை அள்ளிப்போனான் என்றெல்லாம் இருந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. அவர்கள் சொல்லவில்லை என்றுதான் முன்பு நினைத்தேன். அவர்கள் பக்கத்திலும் யாரோ ஓர் அண்ணை அன்போடு உட்கார்ந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். இன்று நான் போகும் இடங்களில் கூட வந்தவரை யாரையும் கேட்காமலே வெளியே இருத்திவிடுகிறார்கள். காலம் கடந்து வந்த புத்தி.

வழக்கு நிராகரிக்கப்பட்டது. அப்பீல் பற்றிப் பேச ஹவுன்ஸ்லோ வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் பொஸ்னியப் பெண்கள், முகத்தை இருட்டில் மறைத்துக்கொண்டு, தங்களுக்குப் படையினர் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவங்கள். இனி இதுகளின்ர மனுசன்மார் என்னெண்டு இதுகளோட வாழுறது?" என்றார். அக்கா அவருக்குத் தேநீரை நீட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்பீலிலை என்ன கேப்பினம்?"

"அதே கேள்விதான் அக்கா."

"அப்ப அதே பதில்தான்."

அதே பதிலைத்தான் சொன்னாள். அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவளைத் திருப்பி அனுப்பிய அன்று, தான் வேலைசெய்த அதே விமான நிலையத்தில், வேலை உடுப்போடு நின்று அண்ணை விம்மி விம்மி அழுதார்.

"எல்லாம் உள்ளபடிதானே சொன்னவள், தங்கச்சி. பிறகு ஏன் அனுப்புறாங்கள்?"

தெரியவில்லை அண்ணை என்றேன்.