சியூலுவான் அக்கா ஒதுக்கி வைத்த ஆல்ட்டோ

பதினொரு வருடமாக எனக்கு ஒரு ஆத்திரம். நான் கோத்த சாக்ஸபோனை, நாலு பேர் பார்க்க, சியூலுவான் அக்கா உதவாது என்று ஒதுக்கி வைத்தாள். அதை வாங்கியிருந்தவரோ என் மச்சான்.

எங்கள் ஊர் ஹௌலியில் சாக்ஸபோன் செய்வது பெரிய விஷயமில்லை. என் தெருவிலேயே மூன்று பட்டறை. நான் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, குழலின் துளைகளை மூடும் சாவிகளைக் கோக்க உட்கார்ந்தவன். சாவு ஊர்வல பேண்டிலும் ஊதுவேன். அக்கா பதினேழு வயதில் பித்தளைக்கு மெருகு போட வந்தவள். பிற்பாடு மார்க்கெட் ஓரம் கடை வைத்தாள். புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஆல்ட்டோ வகை சாக்ஸபோன் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் தொழில். இத்தனைக்கும் அவளுக்கு ஐந்து சுரத்துக்கு மேல் ஊதத் தெரியாது.

ஜின்-ஷுய் மச்சான் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாட்சூ அம்மன் பல்லக்குக்கு முன்னால் ஊதப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஊர்வலத்துக்கு ஆறு வாரமே இருந்தது. நான்கு மாதம் ஊதியும் கீழ்ச் சுரங்கள் வரவில்லை. தவளைதான் கத்தியது. “உங்களுக்கு மூச்சு போதல மச்சான்” என்று நானே சொன்னேன். மனிதர் வெறுத்துப்போய், விற்றுவிடலாமென்று பெட்டியை அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன். பக்கத்துக் கடையில் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா வாங்கி ஊதினாள். தவளை.

“இதுக்கு வயித்துப்போக்கு” என்றாள்.

“உங்களுக்கு ஊதத் தெரியல. குடுங்க இங்க.”

வாங்கி ஊதினேன். கீழிருந்து மேல்வரை எண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சோயா பால் கூட்டம் கைதட்டியது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாத்தீங்களா? குறை கருவியில இல்ல.”

“இன்னொரு வாட்டி ஊதுடா ஆ-குன். விரலை இறுக்காத. பூனையைத் தடவுற மாதிரி வை.”

வைத்தேன். தவளை.

யாரோ சிரித்தார்கள். அக்கா சின்ன விளக்கு ஒன்றைக் குழலுக்குள் இறக்கினாள். ஒரு மூடியின் அடியில் வெளிச்சம் கோடாகக் கசிந்தது.

“சாவு வீட்டுல இருபது வருஷம் ஊதின விரல். ஓட்டையை அதுவே அமுக்கி அடைச்சிருது. உன் கருவியை நீயே சோதிச்சா என்னைக்குடா தோக்கும்? கத்துக்க வர்றவன் கருவியைச் சந்தேகப்பட மாட்டான். தன்னைத்தான் சந்தேகப்படுவான்.”

“பூவெல்லாம் செதுக்கியிருக்காரேக்கா, கல்யாணப் பொண்ணு கணக்கா!” என்றான் சோயா பால் கடைக்காரன்.

“பொண்ணு அழகுதான். வாய்தான் மூட மாட்டேங்குது.”

சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

என் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, மச்சானை உட்காரவைத்து, மூன்று ஆல்ட்டோவை ஒவ்வொன்றாகக் கழுத்தில் மாட்டினாள். சுண்டுவிரல் எட்டுகிறதா என்று பார்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக, அடிச் சுரத்தை ஊதச் சொன்னாள். மூன்றாவது, மெருகெல்லாம் தேய்ந்த பழசு, முதல் மூச்சிலேயே பேசியது. மச்சான் வாயை எடுத்துவிட்டு, பின்னால் யாராவது ஊதினார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பல்லக்குக்கு முன்னால் ஊதினார். இரண்டு இடத்தில் தப்பு விட்டார். இன்றும் ஊதுகிறார்.

நான் அக்கா கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊதுவாயில் பொருத்தும் ரீட் வேண்டுமென்றால்கூடத் தைச்சுங் நகரம் வரை போய் வாங்கினேன். ஆனால் மறுநாளிலிருந்து விளக்கை உள்ளே இறக்காமல் ஒரு கருவியையும் நான் வெளியே விட்டதில்லை. அதை அவளிடம் சொல்லவுமில்லை.

அவள் கதையை மச்சான்தான் சொன்னார். நாற்பது வயதில் அவளும் ஊதக் கற்றிருக்கிறாள். மூச்சு போதவில்லை என்று வாத்தியார் சொன்னார். பித்தளைத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது என்று அவளும் நம்பி, இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள். கருவியை விற்கக் கொடுத்தபோது, பழுது பார்த்தவன் ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினான். அவ்வளவுதான் குறை. அதன்பிறகு அவள் வேண்டுமென்றே மேலே கற்கவில்லையாம். கற்றால் வாய் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பாளாம்.

இந்த வசந்தத்தில் அவளுக்கு உடம்பு முடியவில்லை. ஹுவாலியனிலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எனக்குச் சொல்லியனுப்பினாள். கடையில் பாதி காலி. சுவரில் ஒன்பது ஆல்ட்டோ தொங்கின.

“சர்க்கரை ஆலையில வேலை பாத்த பொம்பளைங்க ஆறு பேரு திங்கக்கிழமை வகுப்புக்கு வர்றாளுங்க. இதுல ஆறு நீ பொறுக்கி வை.”

“நானா? என் விரலைப் பாத்து ஊரையே சிரிக்க வச்சீங்களேக்கா.”

“இன்னும் அதையா தூக்கிக்கிட்டுத் திரியுற?” சிரிப்பு வந்து, அது இருமலாகி, வெந்நீர் குடித்தபிறகுதான் பேச முடிந்தது. “உன் பொண்டாட்டி இதுவரைக்கும் ஒண்ணையாவது ஊதியிருக்காளா?”

“தொட்டதே இல்ல.”

“அப்ப போய் அவளைக் கூட்டிட்டு வா. ஒம்போதையும் அவ ஊதட்டும். நீ வாயத் தொறக்காம விளக்கை மட்டும் பிடி.”