அம்பாளுக்கு விளங்கிய தடிமன்

அடியார்களே, கோபத்தோடுதான் தொடங்குகிறேன். அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

என் மகள் ஆரணிக்குப் பிறந்ததிலிருந்தே இரத்தம் சரியாக ஊறாது. பரம்பரை வழியாக வரும் அரிதான சோகை. ஸ்டெரொயிட் மாத்திரையால் இரத்தம் ஓரளவு ஊறியது, முகமும் ஊதியது. 2006இல் அவளுக்கு எட்டு வயது. மாதம் தவறாமல் தடிமன் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் நியூமோனியா வந்து, பிள்ளை தப்புவாளோ என்றிருந்தது.

எனக்கு நோர்வீஜிய மொழி அரைகுறை. ஒஸ்லோ வைத்தியசாலையில் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார்; சென்னைக்காரர். "பிள்ளைக்கு எந்த நாளும் தடிமன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். டொக்டரோ, "மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார். ஒரு வருடம் இதே கதை!

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் குடியிருந்த குரோருட்டிலிருந்து அம்பாள் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டைக்கூடக் கொடுக்கவில்லை. அம்பாளைப் பார்த்துக் கத்தினேன்.

"நாக்குத் தேயச் சொல்லுறன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. உனக்குமோ தமிழ் விளங்கேல்லை?"

ஐயர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அடுத்த செவ்வாய் பரிசோதனை. வழக்கமாக நான் டொக்டரோடு கதைக்கும்போது ஆரணியை இரத்தம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். அன்று தாதி பிந்திவிட்டார். பிள்ளை என் பக்கத்திலேயே இருந்தாள். நான் பழைய பாட்டையே பாடினேன். மொழிபெயர்ப்பாளர் அதை நோர்வீஜியத்தில் சொன்னதும் ஆரணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அம்மா, நான் குண்டாம்! நீங்கள் அப்பிடியோ சொன்னனீங்கள்?"

"இல்லையடி! மூக்காலை ஓடுற தடிமன் எண்டெல்லோ சொன்னனான்!"

அவளே அதை டொக்டரிடம் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

"எங்க ஊர்ல தடிமன்னா பருமன்ங்க. ஜலதோஷம்னு சொல்லியிருக்கலாமே?"

திட்ட வாய் திறந்தேன். ஆனால் நானும் ஒருமுறையாவது மூக்கைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். என் மேலும் எரிச்சல் வந்தது.

டொக்டரின் முகம் மாறியது. அன்றே வேறு பரிசோதனைகள் செய்தார்கள். கிருமியோடு போராடும் சக்தியும் அவளுக்கு மிகக் குறைவு. இந்தச் சோகை உள்ள சிலருக்கு அப்படியும் இருக்குமாம். இன்னொரு நியூமோனியா வந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்க மாட்டாள் என்றார் டொக்டர். எதிர்ப்புச் சக்தி தரும் மருந்தை ஊசியால் ஏற்றத் தொடங்கினார்கள். அடுத்த குளிர்காலம் ஆரணி பனியில் சறுக்கி விளையாடினாள். நான் மொழி வகுப்பில் சேர்ந்தேன்.

தாதி பிந்தியது தற்செயல் என்பார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். உங்களுக்கும் ஒரு துன்பம் இருந்தால் அம்பாளிடம் வாருங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே வாருங்கள். வாயில் வருகிற தமிழில் கதையுங்கள். அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.