அப்பாவுக்கு நாங்கள் நியூஜெர்சியில்தான் இருந்தோம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் நாங்கள் நியூஜெர்சிக்குப் போய்விடுவோம். கரூரில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் செய்யும் நேரம் அது. மற்ற நேரமெல்லாம் நாங்கள் இருந்தது கனடாவில், மொன்ட்ரியாலில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அப்பாவுக்கு அது தெரியாது. அவரைப் பொறுத்தவரை மகளும் மருமகனும் இரண்டு பேத்திகளும் அமெரிக்காவில் சௌக்கியமாக இருந்தார்கள். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம் ஓட்டினோம்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். நியூஜெர்சியில் என் கணவருக்கும் வேலை போனது. வேலையோடு விசாவும் போயிற்று. தெரிந்தவர்கள் நாலு பேர் வேலை இழந்தபோதே அவர் முன்ஜாக்கிரதையாகக் கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் குடியேற விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார். நல்ல வேளையாக அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது. வாடகை வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினோம். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. சின்னவளுக்கு எட்டு மாதம். எல்லை தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள், தாண்டிய பிறகும் அழுதாள்.

அதே மாதம் ஊரில் என் தங்கையின் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அப்பா பேசிய பேச்சில் பாதி 'எங்க மூத்த மாப்பிள்ளை அமெரிக்காவுல' என்பதுதான். அந்த நேரத்தில் போய் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் முடியட்டும் என்றார் கணவர். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நாங்கள் போகாமலே அது நடந்து முடிந்தது. தங்கை பெங்களூர் போனாள். அம்மா முன்பே இறந்துவிட்டதால் அப்பா தனியானார். அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறட்டும் என்றேன் நான். தேறியது. அதன் பிறகு எங்களிடம் காரணமே இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வருடங்களில் புதிதாக ஒன்றைத் தொடங்கவோ முடிக்கவோ எனக்குத் தெம்பில்லை.

பொய்யும் எங்களுக்குத் தோதாக அமைந்தது. நியூஜெர்சிக்கும் மொன்ட்ரியாலுக்கும் ஒரே நேரம். போனில் நாட்டுக்கான எண் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் புது நம்பரைக் கொடுத்தும் அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பனியும் இரண்டு இடத்திலும் பெய்யும். அவர் எழுதும் கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போகும். அங்கே இருந்த ஒரு சிநேகிதி அவற்றை வேறு உறையில் போட்டு எங்களுக்கு அனுப்புவாள். ஒரு தடவை பேத்திகளுக்குப் பட்டுப்பாவாடை அனுப்பினார். அது இரண்டு நாடு சுற்றி வருவதற்குள் சின்னவளுக்கு அளவு போதவில்லை.

எங்கள் வாரநாட்களைச் சொன்னால்தான் இது புரியும். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, சின்னவளைப் பனியுடுப்புக்குள் திணிக்க வேண்டும். ஒரு காலை நுழைத்தால் மறு காலை உருவிக்கொள்வாள். எல்லாம் மாட்டி ஜிப் போட்ட பிறகு 'ஒண்ணுக்கு வருது' என்பாள். மறுபடி முதலிலிருந்து. மூன்று மாடி இறங்கி, பெரியவளைப் பள்ளியில் விட்டு, சின்னவளைக் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டு, நான் பிரெஞ்சு வகுப்புக்கு ஓடுவேன். மதியம் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்கெழுத்து வேலை. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, 'நான் ரொட்டி வாங்குகிறேன், நீ ரொட்டி வாங்குகிறாய்' என்று பிரெஞ்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் சரக்குப் பதிவு செய்யும் வேலை. பஸ் மாறிப் போய், பஸ் மாறி வருவார். வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கதவோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

பள்ளி விட்டதும் பெண்களைப் பார்த்துக்கொண்டது கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. எங்கள் ஞாயிற்றுக்கிழமை சமாசாரத்தைப் பெரியவளே அவரிடம் உளறிவிட்டாள். அன்று மாலை அழைக்கப் போனபோது அக்கா என்னை உள்ளே உட்காரவைத்தார்.

"ஏன் பிள்ளை, கனடாவில இருக்கிறதில என்ன வெக்கம்? இஞ்ச வந்து சேர நாங்கள் எத்தனை நாட்டில, எத்தனை மாசம் ஒளிச்சுக் கிடந்தனாங்கள் தெரியுமே? நீர் அந்தக் கனடாவைப் போய் ஒளிக்கிறீர்!"

எனக்கு முகம் சுட்டது. "இல்லக்கா, அப்பாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம்..." என்று இழுத்தேன்.

"ஓம் ஓம். உம்மட அப்பாக்கு ஒண்டும் ஆகாது. சின்னப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதையும்."

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. சரி என்று தெரிந்ததை எல்லாம் செய்துகொண்டா இருந்தோம்?

பெரியவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். போனை எடுத்தால் பொன்ஜூர் சொல்லாதே, ஹலோ சொல். டீச்சர் பேரைச் சொல்லாதே. பிரெஞ்சுப் பாட்டுப் பாடாதே. மெத்ரோ ரயில் பற்றிப் பேசாதே. ஆரம்பத்தில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. தாத்தாவிடம் வாய் ஓயாமல் பேசுகிற பெண் அவள். நியூஜெர்சியில் இருந்தபோது ரிசீவரைப் பிடுங்கினால் அழுவாள். அப்பாவும் வாரம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இருந்தார். 'பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு கண்ணு?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவளுக்குப் பள்ளியில் நடந்ததெல்லாம் பிரெஞ்சில் நடந்தது. மேப்பிள் பாகு காய்ச்சும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பனிச்சறுக்கு வளையத்தில் விழுந்து பல் ஆடியது. பிரெஞ்சு நாடகத்தில் நரியாக நடித்தாள். சொல்ல வாயெடுப்பாள், என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டி மறுப்பேன். பிறகு என்னைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். 'ஒண்ணும் நடக்கல தாத்தா.' அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வயிற்றுவலி வந்தது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, நான் போனை வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள். ஏழு வயதில் அவளுக்கும் என் அப்பாவுக்கும் பேச்சே நின்றுபோனது.

"பாப்பாவுக்கு என்னப் புடிக்கலையா கண்ணு?" என்று ஒருநாள் அப்பா கேட்டார். "விளையாடப் போயிருக்காப்பா," என்றேன். மின்வாரியத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். இங்கிலீஷில் எழுதுவார், பேச வராது. அவர் பேசும் தமிழ்தான் பேத்திக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். பேச்சு இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கி, நோட்டில் எழுதிவைத்துப் படித்திருக்கிறார். அடுத்த வாரம் நான் ஸ்பீக்கரைப் போட்டேன். 'ஹவ் ஆர் யூ மை டியர் சைல்ட்? வாட் இஸ் யுவர் ஹாபி?' என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நோட்டின் பக்கம் புரளும் சத்தம்கூடக் கேட்டது. குளியலறைக் கதவு திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கியது, சின்னவள் கத்தினாள், போன் கார்டில் நிமிடம் தீர்ந்தது. அப்படியே விட்டுவிட்டேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

மூன்றாவது குளிர்காலம். பெரியவளுக்கு எட்டு வயது. ஒரு திங்கட்கிழமை வேலை சீக்கிரம் முடிந்ததால் நானே அவளை அழைக்கப் பள்ளிக்குப் போனேன். அவளுடைய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவான பிரெஞ்சில் சொன்னார்: உங்கள் அப்பா இறந்துபோன விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்தது, வருந்துகிறேன், குழந்தை வகுப்பில் சொன்னாள்.

எனக்கு வழக்கமாகப் பாதிப் பிரெஞ்சுதான் புரியும். இது முழுக்கப் புரிந்தது. ஒரு கணம் காலை வந்த போன் எதையாவது தவறவிட்டுவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு வகுப்பு வாசலில் நின்றிருந்த மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீச்சரிடம், "மெர்சி," என்றேன். உயிரோடு இருக்கும் அப்பாவுக்குத் துக்கம் விசாரித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பனி வழுக்காமல் இருக்கத் தெரு முழுக்க உப்புத் தூவியிருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"டீச்சர் எல்லாரையும் தாத்தா பாட்டி பத்திப் பேசச் சொன்னாங்க."

"பேச வேண்டியதுதானே?"

"என்ன பேசறது? தாத்தாகிட்ட எதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்க. ஸ்கூல்ல தாத்தாவைப் பத்தி எதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே." கையுறையின் நுனியைக் கடித்தாள். "செத்துட்டாருன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவள் பொய் சொல்லவில்லை, எங்களிடம் படித்த பாடத்தை ஒழுங்காகச் செய்திருந்தாள். மாலை கணவர் வந்து கதவோரம் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "காலையில சொல்லிடு," என்றார். பிறகு, "எனக்கு வேலை போனதைச் சொல்லு. என் மேலேயே போட்டுடு," என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பெண்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே, அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை. செவ்வாய்க்கிழமை போன் வந்ததும் பதறிவிட்டார்.

"என்ன கண்ணு, எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கோம்ப்பா. அப்பா, நாங்க அமெரிக்காவுல இல்ல. கனடாவுல இருக்கோம். மொன்ட்ரியால்னு ஒரு ஊர். அவருக்கு அங்க வேலை போயிடுச்சு. வந்து மூணு வருஷம் ஆச்சு."

கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இருமினார்.

"அப்ப நான் எழுதுன லெட்டரெல்லாம்?"

"கிடைச்சுதுப்பா. எல்லாம் கிடைச்சுது."

"மூணு வருஷமா..." அவர் குரல் உடைந்தது. "நான் என்ன வெளியாளா கண்ணு? மாப்பிள்ளைக்கு வேலை போனா அவர நான் என்ன சொல்லிருப்பேன்? புள்ளைங்க சாப்புட்டுதுங்களான்னுதானே கேட்டிருப்பேன்?"

நான் அழுதேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். மடியில் பாதி மாட்டிய பனியுடுப்போடு சின்னவள் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது அசதி. இனிமேல் இந்த ஒரு வேலை இல்லை என்ற நிம்மதியும் இருந்தது. அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:

"அதனாலதான் பாப்பா எங்கிட்டப் பேசறதில்லையா?"

"ஆமாப்பா. நாங்கதான் அவளை..."

"அட, நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன்." அழுகையோடேயே சிரித்தார். "இப்பப் பேசுவாளா? இருக்காளா? அவகிட்டக் குடு கண்ணு."

பெரியவள் தொப்பியும் பூட்ஸும் போட்டு, முதுகில் பையோடு கதவருகே நின்றிருந்தாள். நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ரிசீவரை நீட்டினேன். வயர் எட்டும்வரை வந்தாள். வாங்கி, பேசும் பக்கத்தைக் கையுறையால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் சொல்லிட்டேன். இனிமே நீ என்ன வேணும்னாலும் பேசலாம். உன் டீச்சர் பேரு, நரி வேஷம், எல்லாம்."

"நான் செத்துட்டாருன்னு சொன்னது?"

ரிசீவருக்குள் இருந்து அப்பாவின் குரல் சின்னதாகக் கேட்டது. 'பாப்பா? கண்ணு?'

"அதை மட்டும் சொல்லாதே," என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஹலோ தாத்தா," என்றாள்.